வால் நீண்ட குரங்குப் பானை

1

இந்தக் கதை என் மனத்தில் தானாக உதித்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது.

"மழை கேட்டு ராஜா குகைக்குப் போறாரு. போனது, பூசை பண்ணினது, மழை பெய்ஞ்சது, எல்லாத்தையும் எழுதிடு."

"பூசை நாளைக்குத்தானேப்பா?"

"அதனாலதான் இன்னைக்கே எழுதச் சொல்றாரு."

எங்கள் ஊரில் முதலில் எழுதுவோம், பிறகு நடக்கும். நடப்பதுதான் கொஞ்ச காலமாகத் தகராறு செய்கிறது.

2

முதல் தொடக்கம்: "மேகங்கள் ராஜாவைப் பணிந்து..." (மேகத்தைப் பார்த்தே வருடக்கணக்காகிறது. வேண்டாம்.)

அடுத்தது: "மக்கள் கடலெனத் திரண்டு..." (பாதி ஊர் காலி. மரப்பட்டைத் தாளில் சுண்ணாம்பு பூசி இதையும் மறைத்தேன். சுண்ணாம்பும் தீரப்போகிறது.)

இன்னொன்று: "என் அக்கா இஷ் குக்குல் ஒரு பானை செய்திருந்தாள்."

இதில் பொய்யில்லை. இப்படியே போகலாம்.

3

குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீர் மண்ணைத் தொடாத கன்னி நீர். அதைப் பானையில் பிடித்து சாக் என்ற மழைத் தெய்வத்துக்குப் படைப்போம். படைத்ததும் பானையைக் கல்லால் உடைத்துவிட வேண்டும். சாமிக்குக் கொடுத்ததை மனிதன் குடிக்கக் கூடாது. மழை பொய்த்த ஒவ்வொரு முறையும் குகைக்குள் இன்னும் ஆழமாகப் போய் இன்னும் நல்ல பானைகளை உடைத்தோம். இப்போது ஊரில் தண்ணீர் எடுக்கப் பானை இல்லை. புதிதாகச் செய்யலாம் என்றால் மண் குழைக்கத் தண்ணீர் இல்லை.

(இதை ராஜாவுக்கு யார் சொல்வது? எழுத்தாளனா? நல்ல ஆளைப் பார்த்தீர்கள்.)

கடைசியாக மிஞ்சியது அக்காவின் பானை. அதில் குரங்கு வரைந்தவன் நான். வால் நீண்டுபோய்ப் பானையைச் சுற்றிவந்து குரங்கின் மூக்கிலேயே முட்டும். அதைத்தான் காவலர்கள் தூக்கிப் போனார்கள்.

"ராஜா கேட்டா குடுக்காம இருக்க முடியுமாக்கா?" என்றேன்.

"நாங்க கடற்கரைப் பக்கம் போறோம்டா. வழியில குளமெல்லாம் காய்ஞ்சு கெடக்கு. என் மக சின்னவ இப்பவே எச்சில் முழுங்க முடியாமத் தவிக்கிறா. தண்ணிய எதுல எடுத்துட்டுப் போவேன்? உன் தாள்ல மடிச்சா?"

நான் தாளை மடித்து இடுப்பில் செருகினேன்.

"பூசை முடிஞ்சதும் குகைக்குப் பின்னால, காட்டு வழியில நிப்பேன். பானையோட வா. வெறுங்கையா வந்து என் மூஞ்சியில முழிக்காத."

4

இந்த இடத்தில் பானை உடைக்கும் பூசாரி வர வேண்டும். பாத்திரமாக நிற்பாரா என்று எனக்குச் சந்தேகமிருந்தது. சந்தேகம் சரிதான். போன மாதமே ஊரைவிட்டுப் போய்விட்டார், உடையாத பானை ஒன்றோடு. அவர் வேலையும் என் தலையில் விழுந்தது.

ராஜா தன் நாக்கில் முள் குத்திச் சாமிக்கு இரத்தம் கொடுத்தார். (முதல் குத்து உதட்டில் விழுந்தது. 'கம்பீரமாக' என்று நேற்றே எழுதிவிட்டேன்.)

"எப்படி எழுதியிருக்கே?" என்று குழறலாகக் கேட்டார்.

"நல்லாப் பெய்ஞ்சிருக்கு, ராஜா."

"சரி. பானையை முடிச்சிட்டு வா."

எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். ஒரு பந்தம், நிறைந்த பானை, கையில் கல், மடியில் இந்தத் தாள். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயமாக இருக்கிறது. சாக் தெய்வத்தை நான் நம்புகிறவன். உடைக்காததால் மழை வராமல் போனால், மிச்சமிருக்கும் ஊரைக் கொன்ற பாவம் என்னுடையது. உடைத்தால், சின்னவள்

5

முடிவு ஒன்று: உடைக்கிறேன், மழை கொட்டுகிறது. அரண்மனைக்குப் பிடித்தது.

முடிவு இரண்டு: உடைக்கிறேன், மழை இல்லை. பலமுறை பார்த்தாயிற்று.

முடிவு மூன்று: குகையின் பின்பக்கப் பிளவு வழியே ஒரு ஆள், இடுப்பில் பானையோடு... (தாளில் இதற்கு இடமில்லை.)

'பானையை உடைத்தேன்' என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. வாசகரே, நீங்கள் என்றைக்காவது இந்தக் குகைக்கு வருவீர்கள். காலடியில் சில்லுகள் நொறுங்கும். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். நீண்ட வாலின் ஒரு துண்டு கிடைத்தால், நான் உண்மையை எழுதியவன். கிடைக்காவிட்டால், சின்னவள் வழியில் தண்ணீர் குடித்தாள்.

ஒரே வேண்டுகோள். ரொம்பத் தேடாதீர்கள்.