மாதிரிக்கு வைத்த முகம்

என் தம்பியின் முகத்தை இணையத்தில் ஏற்றிவிட்டவர் என் வீட்டுக்காரர்தான். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது அவர் தொழில். வேலை இல்லாத நாட்களில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து, இலவசப் படங்கள் கிடைக்கும் ஒரு தளத்தில் போட்டுவிடுவார். உரிமை கிரிமை எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சல்லிக் காசு வராது. உலகமே தன் படத்தைப் பார்க்கிறது என்ற பெருமை மட்டும் தலைக்கு மேல் இருக்கும்.

தம்பி பிளம்பர். ஒருநாள் குழாய்ப் பள்ளத்திலிருந்து சேறும் சகதியுமாக மேலே ஏறியவன், வெயிலுக்கு முகத்தைச் சுளித்தான். அந்த நேரம் பார்த்து இவர் ஒரு படம் எடுத்து, விளையாட்டாக 'முரட்டு ஆள்' என்று பெயர் போட்டு ஏற்றினார். எறும்பைக் கூட மிதிக்காமல் ஒதுங்கிப் போகிறவன் அவன். படம் எங்கெங்கோ போய் வந்தது. மலச்சிக்கல் மருந்து விளம்பரத்தில் அவன் வந்தபோது வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நான் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவள். எங்கள் டிசைனரிடம் ஒரு வழக்கம் உண்டு. படம் வரத் தாமதமானால், அந்த இடம் காலியாகத் தெரியாமல் இருக்க இலவசத் தளத்திலிருந்து எதையாவது மாதிரிக்கு வைப்பான். அசல் வந்ததும் மாற்றிவிடுவான். குடியிருப்போர் சங்கம் ஒரு நோட்டீஸ் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவன் நடமாடுகிறான், கண்டால் விடாதீர்கள் என்று. கேமராவில் பதிந்த ஆளின் படத்தை அப்புறம் தருவதாகச் சொன்னார்கள். டிசைனர் 'முரட்டு முகம்' என்று தேடி, முதலில் கண்ணில் பட்டதை வைத்து, பார்வைக்கு அனுப்பினான். சங்கச் செயலாளர் போனில் பார்த்துவிட்டு, சங்கத்தில் யாரோ படத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, சரி, அடிங்க என்று பதில் போட்டார். டிசைனர் அன்று விடுப்பு. 'சரி' என்ற ஒரு சொல்லை நம்பி மெஷின்காரர் ஓட்டித் தள்ளிவிட்டார்.

முதல் கட்டை நான் வருமுன்பே மெஷின்காரரே வெட்டிக் கொடுத்து, அது காலையிலேயே சுவரேறிவிட்டது. மிச்சம் மதியம் என் மேஜைக்கு வந்தது. அடுக்கித் தட்டிக் கத்தியை இறக்கப் போனவள், தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அவன் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டால், அதே சங்கத்துக் கட்டடத்தில்தான் இன்று தண்ணீர்த் தொட்டி வேலை என்கிறாள்.

ஓடினேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனால் என் தம்பி தரையில் கிடக்கிறான். ஒருவன் அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்க, இன்னொருவன் செங்கல்லால் தாடையில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. வாயிலிருந்து ரத்தத்தோடு பல் விழுந்தது. வயிற்றில் மிதித்தார்கள். முதுகைக் காட்டினான், முதுகில் மிதித்தார்கள். ஒரு பெண், காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து ஒரு உதை கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். பாவி.

நான் அவன் மேல் விழுந்து, "இவன் என் தம்பி. அது மாதிரிக்கு வச்ச படம். ஆளு இவன் இல்ல" என்று கத்தினேன்.

"அப்ப இவளும் கூட்டுதான்" என்றான் ஒருவன். அவ்வளவுதான், என் முதுகிலும் இரண்டு விழுந்தது.

தம்பியின் கருவிப்பை சிதறிக் கிடந்தது. பைப் ரெஞ்சு கையில் அகப்பட்டது. நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு 'விடாதீங்க, விடாதீங்க' என்று ஏவிக்கொண்டிருந்த ஆளின் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். கை மடங்கித் தொங்கியது. அடுத்து முழங்காலில். அவர் விழுந்த பிறகுதான் கூட்டம் பின்வாங்கியது. அவர்தான் சரி என்று பதில் போட்ட செயலாளர் என்பது பிறகு தெரிந்தது. வருத்தமா? துளிகூட இல்லை. தெரிந்திருந்தால் இன்னொன்று சேர்த்துப் போட்டிருப்பேன்.

தம்பி பிழைத்தான். தாடைக்குக் கம்பி. ஒரு கண் போய்விட்டது. மூக்கு இருந்த இடத்தில் வீக்கம். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார். அழுகிற வாயிலேயே ஒன்று வைத்தேன். தளத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டேன் என்றார். எடுத்து? இறக்கிக்கொண்டவன் வீட்டிலெல்லாம் போய் எடுப்பாயா என்று கேட்டேன். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. சுவரில் இருந்ததைக் கிழிக்க ஒருவரும் வரவில்லை. நானும் அவரும் கைக்கு எட்டிய தெருக்களில் சுரண்டித் தீர்த்தோம். நகக்கண்ணெல்லாம் பசை.

தம்பியின் மகள் சின்னவள், இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அப்பா அப்பா என்று ஏங்கிப்போனதால் அழைத்துப் போனேன். கட்டிலைப் பார்த்ததும் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். தம்பி கையை நீட்டினான். அவனால் பேச முடியாது.

"இது எங்க அப்பா இல்ல" என்றாள்.

எவ்வளவு சொல்லியும் கிட்டே போகவில்லை. தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அழுகிறவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நல்ல கூட்டம். நாங்கள் போகாத தெரு அது. திடீரென்று குழந்தையின் அழுகை நின்றது. என் கையை உதறிக்கொண்டு சுவரை நோக்கி ஓடினாள். அங்கே நோட்டீஸ். முகத்தைச் சுளித்துக்கொண்டு தம்பி நிற்கிறான், இரண்டு கண்ணோடும். அவள் எம்பி எம்பி அந்தக் கன்னத்தைத் தடவினாள்.

"அத்தை, எங்க அப்பா. இதுதான் எங்க அப்பா."

பக்கத்தில் நின்ற ஆள் நோட்டீஸைப் பார்த்தான், பிறகு குழந்தையைப் பார்த்தான். இன்னும் இரண்டு பேர் திரும்பினார்கள். அவள் குரலை உயர்த்தி எல்லாரிடமும் சொல்லத் தொடங்கினாள்.

நான் பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் என் உள்ளங்கையைக் கடித்தாள். நான் கையை எடுக்கவில்லை.