மார்கழி இசைக்குழு

வெள்ளவத்தை மண்டபத்தில் மணமக்கள் வர இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. மேடையில் சுபோதினி தனியாக நின்றாள். கீபோர்ட் வரவில்லை, ட்ரம்ஸ் வரவில்லை, கிட்டாரும் வரவில்லை. ஹெவ்லொக் டவுனில் நெரிசலாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, நான்காவது தடவையாகக் கீபோர்ட்காரன் மெல்ரோயை அழைத்தாள்.

நான்கு கலியாண பேண்டுகளிலிருந்து சிறந்தவர்கள் ஒன்றுசேர்ந்த குழு அது. லவனின் ட்ரம்ஸ், ராகுலனின் கிட்டார், மெல்ரோயின் கீபோர்ட், அவளுடைய குரல். மார்கழியில் சைவக்காரருக்குக் கலியாணம் இல்லை. கத்தோலிக்கனான மெல்ரோயின் கோயிலிலும் நத்தார்ப் பண்டிகை வரும்வரை கலியாணம் அரிது. சும்மா இருந்த நால்வரும் சேர்ந்து நத்தார் ஒளிவிழா, கம்பனிப் பார்ட்டி என்று ஆறு மேடை ஏறினார்கள். ஆறாவதில் சனம் கதிரைகளில் ஏறி நின்று ஆடியது. திரும்பும் வழியில் மெல்ரோய் அவளுடைய கையைப் பிடித்து, "இனி இதுதான் எங்கட பேண்ட், சுபோ," என்றான். மறுநாளே அவள், எட்டு வருடம் பாடிய பழைய பேண்டுக்குப் போய் விலகிவிட்டு வந்தாள். ஒரு கிழமைக்குள் அவர்கள் வேறொருத்தியைப் பிடித்துவிட்டார்கள். இந்தக் கலியாணத்தை ஒப்புக்கொண்டதும் அவள்தான். வாட்ஸ்அப்பில் மூவரும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

மெல்ரோய் எடுத்தான். பின்னால் யாரோ ட்ரம்ஸ் தட்டிப் பார்க்கும் சத்தம்.

"எங்க நிக்கிறீங்கள்?"

"கொட்டாஞ்சேனையில. எங்கட பேண்டுக்கு இண்டைக்கு ஒரு வெடிங்."

"எங்கட பேண்ட் இங்கயல்லோ?"

"ஐயோ, அது இண்டைக்கா? மறந்தே போச்சு." சிரித்தான். "தை பிறந்துட்டுதே சுபோ. லவனும் ராகுலனும் அவங்கட ஆக்களோட போயிட்டாங்க. நீங்களும் உங்கட ஆக்களோட இருப்பீங்க எண்டு நினைச்சேன்."

"நான் விட்டிட்டன்."

சிரிப்பு நின்றது. "உண்மையாவா விட்டீங்க?"

"நீங்கள்தானே சொன்னீங்கள்."

"அண்டைக்கு நல்ல சந்தோசத்தில இருந்தம்..." யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "பிறகு எடுக்கிறேன், என்ன?"

அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றாள். அப்போ, அவள் ஒருத்திதான் விட்டவளா?

மணப்பெண்ணின் தகப்பன் பொன்னம்பலம் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மேடையடிக்கு ஓடிவந்தார். "பிள்ளை, மற்றாக்கள் எங்கை? கார் வந்திட்டுது! நாலு பேற்றை பேரையும் கார்ட்டிலையே அடிச்சுப்போட்டன். சம்பந்தி அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஆக்களைக் கூட்டியந்தவர்."

"ஐயா..." என்றாள்.

நானூறு பேர் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார்கள். சுபோதினி மைக்கை எடுத்து விசையைத் தள்ளினாள். பாட்டுக்கு முன்னால் அவளுடைய மூச்சு மண்டபம் முழுக்கப் பெரிதாகக் கேட்டது. மணப்பெண் ஒரு காலை உள்ளே வைத்தபடி, வாத்தியம் இல்லாத மேடையைப் பார்த்து அப்படியே நின்றாள்.