மே காலையில் கேட்ட நெருப்பு

என் தம்பி டொனகாவுக்கு நாற்பத்து நான்கு வயது நடந்தபோது, உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குச் சில வருஷம் முன்னால், நடந்தது இது. கெர்ரிச் சீமையில், மலையடிவாரத்தில் எங்கள் வீடு. பெற்றவர்கள் போன பிறகு அவனும் நானும்தான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. அடுப்பும் வெண்ணெய்ப் பானையும் என் கையில் இருந்தன.

எங்களுக்கு மேலே, சரிவில், கோப்னட்டின் வீடு. அவள் கணவனைக் கடல் கொண்டுபோய் ஆறு வருஷமாகியிருந்தது. ஒரே ஒரு கறுப்புப் பசு. அதை வைத்துத்தான் அவள் பிழைப்பு. அவள் தோட்டத்துக் கல்சுவர் சரிந்தால் டொனகா போய் அடுக்கிக் கொடுப்பான். அந்த ஆறு வருஷத்தில் அது பதினோரு தடவை சரிந்தது. “காத்துல விழுந்துடுச்சுக்கா” என்பான். அதே காற்று எங்கள் சுவரைத் தொட்டதேயில்லை. அடுக்கி முடித்து, அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வானிலையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுவான்.

அந்த வருஷமும் ஏப்ரல் கடைசி நாள் சாயங்காலம் குன்றின்மேல் இரண்டு நெருப்பு மூட்டி, ஊர் மாடுகளையெல்லாம் அவற்றின் நடுவே ஓட்டினோம். மறுநாள் கோடை பிறக்கிறது. மாடுகள் மேய்ச்சலுக்கு மலையேறப் போகின்றன. எந்தப் பீடையும் ஒட்டாமல் அந்தப் புகை அவற்றை ஒருமுறை தடவிவிட வேண்டும். பாதிரியாருக்கு இதெல்லாம் பிடிக்காது. ஜன்னலில் நின்று பார்ப்பார், பிறகு திரையை இழுத்துவிட்டுக்கொள்வார். ஆனால் அவருடைய மாடும் வரிசையில் இருக்கும். முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கங்கு எடுத்துப்போய், அணைத்து வைத்த அடுப்பைப் புதிதாகப் பற்றவைத்தோம். அதன்பின் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை.

காலையில் நான் வாசற்படியில் மஞ்சள் பூக்களைத் தூவிக்கொண்டிருந்தேன். மே நாள் வழக்கப்படி முள்மரக் கிளையை நட்டு, முட்டை ஓடுகளும் துணி நாடாக்களும் கட்டியாகிவிட்டது. கோப்னட் சரிவில் இறங்கி வந்தாள். கையில் இரும்புச் சட்டி. நெருப்பு கேட்டு வருகிறாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

மே முதல் நாள் வீட்டிலிருந்து நெருப்பு வெளியே போகக்கூடாது. பாலும் உப்பும் அப்படித்தான். வருஷத்து அதிர்ஷ்டமெல்லாம் அன்று காலை அடுப்பில்தான் உட்கார்ந்திருக்கும். நெருப்பு யார் கையில் போகிறதோ அவள் பானையில்தான் உன் வெண்ணெய் திரளும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு வழிப்போக்கனின் புகைக்குழாய்க்கு நான் கொள்ளி கொடுத்துவிட்டேன். அந்தக் கோடை முழுக்கத் தோள் இற்றுப்போகக் கடைந்தும் எனக்கு நுரைதான் மிஞ்சியது.

“உள்ள வரலடி, நாப்லா. இங்கேயே நிக்கறேன்” என்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. “கூரை பிச்சுக்கிட்டு மழை அடுப்புக்குள்ள இறங்கிடுச்சு. குன்று மேலயும் ஒரு பொறி இல்ல, போய்ப் பார்த்துட்டேன். பசு விடிகாலையில கன்னு போட்டுடுச்சு. தாயும் கன்னும் கிடந்து நடுங்குது. சூடா ஒரு வாய் கஞ்சி கொடுக்கணும்.”

“இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமில்ல?”

“மூணு வீட்ல துரத்திவிட்ட பிறகும் தெரியாமலா இருக்கும்?”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “சாயங்காலம் பொழுது சாயட்டும். சட்டி நிறைய அள்ளித் தரேன்” என்றேன்.

“சாயங்காலம் வரைக்கும் கன்னு இருக்கணுமே.”

டொனகா அடுப்பருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மெல்ல எழுந்து, குழாயில் புகையிலை அடைத்து, கங்கை இடுக்கியில் எடுத்துப் பற்றவைத்தான். பிறகு ஒன்றும் தெரியாதவன்போல வாசலை நோக்கி நடந்தான்.

“எங்கடா போற?”

“சும்மா, காலாற நடந்துட்டு வரலாம்னு.”

“வாயில நெருப்பை வச்சுக்கிட்டா?” குழாயைப் பிடுங்கி மாடத்தில் வைத்தேன்.

நிலைப்படியில் நின்றான். காது சிவந்திருந்தது. பேச ஆரம்பித்தால் அவனுக்கு முதலில் காதுதான் சிவக்கும்.

“அக்கா, நெருப்பு வெளி ஆளுக்குத்தானே போகக்கூடாது? இந்த வீட்டு ஆளுக்குக் கொடுத்தா?”

“இந்த வீட்டு ஆள் யாரு இருக்கா, உன்னையும் என்னையும் விட்டா?”

அவன் கோப்னட்டைப் பார்த்தான். “இல்ல... ஒருத்தி வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அவளும் இந்த வீட்டு ஆள்தானே?”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

“ஆறு வருஷமா வாயைத் திறக்காம, இன்னைக்கு ஒரு துண்டு கங்குக்கா கேக்கறீங்க? என் பசு அங்க சாகக் கிடக்குது. ஆமான்னு சொன்னா நெருப்பு, இல்லன்னா இல்ல, அப்படித்தானே? உங்க நெருப்பும் வேணாம், நீங்களும் வேணாம்!” சட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறிப்போனாள்.

டொனகா அடிபட்ட மாதிரி நின்றான்.

“நான் அப்படிக் கேக்கலையேக்கா.”

“அப்படித்தான்டா கேட்ட. மடையா!”

அவன் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, தூறலில் அவள் பின்னாலேயே ஏறினான். எனக்குக் கைவேலை ஓடவில்லை. அடுப்பில் எரிக்கிற சதுப்புமண் கட்டிகளை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன்.

அரைமணி கழித்து வாசலில் மாட்டின் குரல். டொனகா கன்றைத் தோளில் போட்டு, நாலு காலையும் மார்பில் சேர்த்துப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தான். பின்னால் கறுப்புப் பசு, கன்றை நக்க எட்டி எட்டித் தள்ளாடி வந்தது. அதைத் தாங்கிப் பிடித்தபடி கோப்னட்.

“நெருப்புதானே வெளிய போகக்கூடாது?” என்றான் மூச்சு வாங்க. “மாடு உள்ள வரலாமில்ல?”

மாடு உள்ளே வருவதொன்றும் புதிதில்லை. எங்கள் பசுவும் குளிர்காலம் முழுக்க எங்களோடு ஒரே கூரைக்குள்தான். ஆனால் மே காலையில் அடுத்த வீட்டு மாடா? நான் கோப்னட்டைப் பார்த்தேன். அவளும் பயந்துதான் நின்றாள். என் நெருப்பு போகக்கூடாது என்றால் அவள் பாலும்தான் போகக்கூடாது. அந்தப் பசு தன் வருஷத்துப் பாலையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு என் வாசலில் நிற்கிறது. உள்ளே விட்டால் அவளுடைய அதிர்ஷ்டம் முழுக்க என் கைக்கு வந்துவிடும்.

“நான் பாலைத் தொடமாட்டேன்டி. நீயே கறந்து கன்னுக்கு ஊட்டு, ஒரு சொட்டு இங்க தங்க வேணாம்” என்றேன்.

“உன்னை நம்பாமலா இவ்வளவு தூரம் இறக்கிக் கொண்டு வந்தேன்?” என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். நானும்தான்.

பிறகு அழ நேரமில்லை. ஓட்ஸ் மாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஒரு வாளி நிறையப் பசுவுக்குக் கொடுத்தேன். டொனகா தன் ஒரே நல்ல சட்டையைக் கழற்றி, கன்றைத் தேய்தேய் என்று தேய்த்தான். கோப்னட் சீம்பாலை விரலில் தோய்த்து அதன் வாயில் வைத்தாள். முதலில் நாக்கு அசையவில்லை. பத்தாவது தடவையோ என்னவோ, விரலைப் பிடித்து இழுத்து உறிஞ்சியது. மத்தியானம் எழுந்து நின்று, என் வெண்ணெய்ப் பானையை உதைத்துக் கவிழ்த்தது. நல்லவேளை, அது காலியாக இருந்தது.

பொழுது சாய்ந்ததும் அவள் சட்டியில் நானே கங்கு அள்ளிப் போட்டேன். டொனகா கன்றைச் சுமந்துகொண்டு கூடப் போனான். அங்கே நடந்ததை அவள் பிற்பாடு எனக்குச் சொன்னாள். அடுப்பு பற்றி, கஞ்சி கொதித்து, கூரை ஓட்டையைச் சாக்கால் அடைத்து முடித்த பிறகு அவன் கிளம்பினானாம். வாசல்வரை போய்த் திரும்பி நின்றானாம்.

“இப்ப உனக்கு என்கிட்ட எதுவும் தேவையில்ல. அதனால கேக்கறேன்.”

“என்ன கேக்கறீங்க?”

“காலையில கேட்டதையேதான். அப்ப கேட்ட விதம் தப்பு.”

அவள் உடனே சொல்லிவிடவில்லை. “சுவர்ல கல்லைத் தள்ளிவிட்டது காத்தா, நீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“ரெண்டு தடவை காத்து” என்றானாம்.

மே மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் செய்வதில்லை, தங்காது என்பார்கள். அதனால் காத்திருந்து, ஊர் வழக்கப்படி மறுவருஷம் தவக்கால நோன்புக்கு முந்தைய வாரத்தில் முடித்தார்கள். பாதிரியார் சிரித்தமுகமாகவே நடத்திவைத்தார். கன்று பிறந்த அந்தக் கோடையில் எனக்கும் அவளுக்கும் வெண்ணெய் ஒரே மாதிரிதான் திரண்டது. யாருடையது யாருக்குப் போனது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு அடுப்படியில் இரண்டு பெண்கள் எதற்கு என்று நான் மேலே காலியாகக் கிடந்த கோப்னட்டின் வீட்டுக்குக் குடிபோனேன். கோப்னட் வேண்டாம் வேண்டாம் என்று மன்றாடினாள். ஆனால் எனக்கே எனக்கென்று ஒரு வீடு கிடைத்ததில் ரகசியமாக அவ்வளவு சந்தோஷம். புதுக்கூரை டொனகா வேய்ந்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் ஏறி வருவார்கள். அவன் வானிலையைப் பற்றிப் பேசுவான். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.