முடியிறக்கிய சாட்சி

ஓடி வருகிறார், நீதிமன்றத்தின் நீண்ட வராந்தாவில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தலை மொட்டை, காதோரம் சோப்பு நுரை இன்னும் காயவில்லை, டவாலி ஞானமுத்து மூன்றாவது முறையாகச் சாட்சியின் பெயரைக் கூவி முடிப்பதற்குள் வாசலை எட்டிவிட வேண்டும் என்கிற ஓட்டம், யாருவே நீரு, உள்ள கேஸ் நடக்குல்லா, என்று ஞானமுத்து கையை நீட்டி மறிக்கிறார், நாந்தாம்யா சொரிமுத்து, கூப்பிட்டியள்லா, அவரு தாடி வச்சவருல்லாவே, வெளாடுதீரா, நீதிபதி திலகவதி மேடையிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறாள், ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஈஸிசேரில் கண் அசரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள், அந்தத் தலை வெயிலில் மின்னிக்கொண்டு வந்துகொண்டே இருக்கிறது, சில நாள் வராந்தா ஆற்றங்கரையாகிவிடும், சில நாள் வாழைத்தோப்பாகிவிடும், ஓட்டம் மட்டும் மாறாது.

காலையில் கூண்டேறியபோது சொரிமுத்துவுக்குத் தோளில் புரளும் சடை, நெஞ்சை மறைத்த தாடி, மகன் இசக்கிதுரையை வாழைத்தோப்பில் வெட்டிச் சாய்த்த அன்று, உடலை எடுக்கும் முன் ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னாராம், கொன்றவன் ஜெயிலுக்குப் போகிற அன்றைக்குத்தான் என் தலையில் கத்தி படும் என்று, எதிர்க்கூண்டில் பக்கத்துத் தோட்டத்து மகாதேவன், வாய்க்கால் தண்ணீருக்காக இசக்கிதுரையோடு கட்டிப் புரண்டவன், வெட்டியது அவன்தான், கண்ணால் பார்த்தேன் என்று சொல்லத் தகப்பனை விட்டால் வேறு ஆள் கிடையாது, அரிவாள் ஆற்றோடு போய்விட்டது, இந்த ஒரு வாய்ச்சொல் நின்றால் மகாதேவனுக்கு ஆயுள், விழுந்தால் விடுதலை, செத்தவர்களின் உறவுகளை எத்தனையோ பேரைத் திலகவதி எடை போட்டிருக்கிறாள், ஒரே வாக்கியத்தை ஒரே இடத்தில் இருமி நிறுத்தி ஒப்பித்த தம்பிமார், கொலைகாரனென்று காவலுக்கு வந்த போலீஸ்காரரையே கைநீட்டிக் காட்டிய மனைவி, பங்காளி வீட்டு ஆண்களையெல்லாம் ஒருவர் விடாமல் கொலைகாரர்களாகச் சேர்த்துவிட்டு, மறந்துபோன கடைக்குட்டியை மறுநாள் வந்து சேர்த்த தாய், சொந்தம் என்பதற்காகத் தள்ளிவிடவும் கூடாது, அழுகிறார்கள் என்பதற்காக அள்ளிக்கொள்ளவும் கூடாது, ஆனால் ஒன்றை மட்டும் அவள் கெட்டியாகப் பிடித்திருந்தாள், பெற்ற பிள்ளையை வெட்டியவனைத் தப்பவிட்டு எந்தத் தகப்பன் இன்னொருவனைக் காட்டுவான்.

மகாதேவனின் வக்கீல் ஜெபராஜ் குரலை உயர்த்தாமல்தான் ஆரம்பித்தார், பெரியவரே, இவன் உள்ள போனாத்தான் முடி எடுப்பீங்க, அப்படித்தானே, ஆமாய்யா, விடுதலையாயிட்டா சாவுற வரைக்கும் இந்தச் சடையோட ஊருக்குள்ள நடக்கணும், ஆமாய்யா, அப்போ நீங்க சாட்சி சொல்ல வரல, முடி இறக்க வந்திருக்கீங்க, கோர்ட்டே சிரித்தது, தட்டச்சுக்காரர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார், சொரிமுத்து தாடியை ஒரு தரம் தடவினார், அது தன் முகத்தில் இருப்பதை அப்போதுதான் கண்டவர்போல, சபை சாப்பாட்டுக்குக் கலைந்தது, திலகவதி தன் அறையில் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி நினைத்தாள், ஜெபராஜ் அடித்த அடியில் இந்தச் சாட்சி எழுந்திருக்காது.

இதோ எழுந்து நிற்கிறது, கூண்டில், உச்சந்தலையில் கத்தி பட்ட இடத்தில் ரத்தம் பொடித்திருக்க, எதிர்த்த சவரக்கடையில் எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுவிட்டு, வக்கீலய்யா, முடிக்காகச் சொல்லுதேன்னிய, இந்தா எடுத்துட்டேன், இவன் உள்ள போனாலும் போகாட்டியும் இனிமே எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல, இப்பக் கேளுங்க, ஒருவரும் சிரிக்கவில்லை, மகனின் உடல்மேல் கைவைத்துச் சொன்ன சொல்லை, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் சொல்லை, ஒரு சாப்பாட்டு இடைவேளையில் தெருவோரம் கொட்டிவிட்டு வந்திருக்கிறார் மனிதர், திலகவதிக்கு மேடையை விட்டு எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது, தன் தராசில் எல்லோரும் எதையாவது வைத்துத்தான் பார்த்திருக்கிறாள், தன்னிடம் இருந்ததை எடுத்துவிட்டு வந்து நின்றவரைப் பார்த்ததில்லை, மகாதேவனின் முகம் வெளிறிவிட்டது, உட்கார வேண்டிய நேரம் தெரிந்த வக்கீல் ஜெபராஜ், கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார், தண்டனைத் தீர்ப்பின் முதல் வரி அவள் மனசில் ஓட ஆரம்பித்தது, நீதிபதியும் ஒரு கேள்வி கேட்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது, ஒரு முத்திரை குத்திவிடலாமே என்றுதான் கேட்டாள், அன்னைக்கு யாரைப் பாத்தீங்க, சொரிமுத்து.

கண் அசருகிறது, மறுபடி அவர் ஓடி வருகிறார், நெஞ்சில் வந்த துணிச்சல் வற்றிப்போவதற்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று ஓடி வருகிற ஓட்டம் அது என்று இப்போது அவளுக்குத் தெரிகிறது, கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொள்கிறார், மகாதேவனை ஒரு பார்வை பார்க்கிறார், முதுகத்தாம்மா பாத்தேன், வாழைக்குள்ள ஓடுன முதுகு, சடை வளர வளர அந்த முதுகுக்கு இவன் மூஞ்சிய நாந்தான் வச்சேன், மூஞ்சிய நான் பாக்கவேயில்ல.