படத்தில் இருந்த தலை

கூட இருந்தே குழி பறிப்பது என்று சும்மாவா சொன்னார்கள்? அமுதவள்ளிக்கு அந்தக் குழியைப் பறித்தவள் ரமணி அக்கா. கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. பிரிவுக்குத் தலைவி. அதே பிரிவில் ஸ்கேன் எடுக்கும் அமுதவள்ளியோடு பதினோரு வருஷம் ஒரே மேசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்துத் தின்றவள்.

விஷயம் இதுதான். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகம் எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சிக்கு, உதவித்தொகையோடு ஒரே ஒரு முனைவர் பட்ட இடம் அறிவித்திருந்தது. வயது வரம்பு முப்பத்தைந்து. அமுதவள்ளிக்கு இந்த வருஷத்தோடு அது முடிகிறது. விட்டால் அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளின் தலையை, மயக்க மருந்து கொடுக்காமல் பாதி நேரத்தில் படம் எடுக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. சோதித்துப் பார்க்க யார் தலையைக் கொடுப்பார்கள்? மதிய ஓய்வில் தன் தலையையே கொடுத்தாள். ரமணி வெளியே உட்கார்ந்து மெஷினை ஓட்டினாள்.

ஸ்கேன் அறைக்குள் போகுமுன் உடம்பில் பொட்டு நகை இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அமுதவள்ளி தாலிச் சங்கிலியைக் கழற்றுவாள். ரமணி கை நீட்டி வாங்கித் தன் சட்டைப் பையில் பத்திரப்படுத்துவாள். "தாலி லா, கண்ட எடத்துல வைக்கக் கூடாது," என்பாள். இவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

எழுதி முடித்த ஆராய்ச்சித் திட்டத்தை, படங்களோடு, "இங்கிலீஷ் மட்டும் பாத்துக் குடுங்கக்கா," என்று அவளிடமே கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்து ரமணி சொன்னாள்: "அங்க விசாரிச்சேன்மா. இந்த வருஷம் ஆள் எடுக்கலையாம். அடுத்த வருஷம் வயசையும் தளர்த்துறாங்களாம். அப்பப் பாத்துக்கலாம் லா."

பாவி மகள் அமுதவள்ளி, பல்கலைக்கழகத்துக்கு ஒரு போன் போட்டுக்கூடக் கேட்கவில்லை. அக்கா சொன்னால் சரி என்று விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். அந்த இடத்துக்குத் தேர்வானவர் பேசும் கூட்டம் என்று ஓர் அறிவிப்பு அவள் போனுக்கு வந்தது. பெயர் கிஷன், ரமணியின் தம்பி. தலைப்பை இரண்டு முறை படித்தாள். ஓர் எழுத்து மாறாமல் அவள் வைத்த தலைப்பு.

லீவு போட்டு, கொமுட்டர் ரயில் ஏறிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ரமணி முன்வரிசையில் இருந்தாள். கிஷன் நன்றாகத்தான் பேசினான். திரையில் ஒரு மூளைப் படம் வந்தது. பெயர், வயது எல்லாம் அழித்திருந்தது. ஆனால் இடப்பக்கம் கடலைப்பருப்பு அளவில் ஒரு நீர்க்கட்டி. அமுதவள்ளியின் தலையில் அதை முதல்முறை பார்த்தபோது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதே ரமணிதான். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாயே அக்கா என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

"இது யாரோட ஸ்கேன்?" என்று கேட்டார் கூட்டத்தை நடத்திய பேராசிரியர் ஷிரீன்.

"ஒரு வாலன்டியர், டாக்டர். பேர் சொல்லக் கூடாது," என்றான் கிஷன்.

அமுதவள்ளி எழுந்தாள். "அது என் தலை, டாக்டர். திட்டமும் என்னோடது."

ரமணி திரும்பிப் பார்த்தாள். எழுந்து பின்வரிசைக்கே வந்துவிட்டாள். "அமுதா, உக்காரு," என்றாள் தணிந்த குரலில். "பெர்மிஷன் இல்லாம மெஷின்ல படுத்தது நீதான். வேலை போயிரும்."

"போகட்டும்க்கா." பேராசிரியரைப் பார்த்தாள். "கீழ மெஷின் இருக்குல்ல டாக்டர்? என்னையப் படுக்க வைங்க. கையெழுத்துப் போட்டே படுக்கிறேன். அந்தக் கட்டி எங்கயும் போயிருக்காது."

ஷிரீன் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வாங்க," என்றார்.

ரமணியும் கெஞ்சிக்கொண்டே கூட இறங்கி வந்தாள். "தம்பி லா, சும்மா வீட்ல கெடந்தான், அம்மா அழுதாங்க, நான் என்ன செய்ய..." ஸ்கேன் அறை வாசலில் அமுதவள்ளி தாலிச் சங்கிலியைக் கழற்றினாள். பேசிக்கொண்டிருந்த ரமணியின் கை, பழைய பழக்கத்தில், தானாக நீண்டது.

அமுதவள்ளி அந்தக் கையைப் பார்த்தாள். வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாவிடம் போய், கொஞ்சம் வைத்திருங்கள் என்று மலாயில் சொல்லி, பெயர்கூடத் தெரியாத அவர் கையில் சங்கிலியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.