எழுபத்திரண்டு கிலோ

அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'எழுபத்திரண்டு'தான். மருத்துவமனைகளின் எடை மெஷின்களைச் சரிபார்க்கும் மெக்கானிக். மாதத்தில் இருபத்தைந்து நாள் பஸ்ஸிலும் லாட்ஜிலும் கழியும். இரும்பு எடைக்கற்களைச் சுமந்துகொண்டு எத்தனை பஸ் ஏறுவது? தன் உடம்பையே எடைக்கல் ஆக்கிக்கொண்டார். ஏறி நிற்பார், எழுபத்திரண்டு காட்டினால் மெஷின் சரி. காட்டாவிட்டால் திருகிக் காட்ட வைப்பார்.

அதற்காகவே உடம்பைக் கட்டுக்குள் வைத்திருந்தார். எண்ணெய்ப் பலகாரம் தொடமாட்டார். காலையில் லாட்ஜ் வராந்தாவில் முப்பது சுற்று நடை. ராத்திரி ஏழரைக்குள் சாப்பாடு, தனியாக, சுவரைப் பார்த்தபடி. ஆறு வருஷமாக அரைக் கிலோ ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

இந்தச் சுற்றில் ஆறு மெஷின்கள் குறைத்துக் காட்டின. ஆறையும் திருகினார். பெல்ட்டும் தளர்ந்தது, தோல் மட்டம் என்று திட்டிவிட்டுப் புது ஓட்டை போட்டார்.

ஏழாவது, ஒரு டயாலிசிஸ் பிரிவு. ஏறினார். 67.6.

"இதுவும் போச்சு." ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"கை வைக்காதீங்கண்ணே," என்றாள் நர்ஸ். "தினமும் காலையில கல்லு வெச்சுப் பார்த்துட்டுதான் பேஷன்ட்டையே ஏத்துறோம்."

"கல்லும் தேயும், சிஸ்டர்."

"போன மாசம்தான் முத்திரை போட்டு வந்துச்சு. அதுக்குள்ள தேய அது என்ன சோப்பா?"

இருபது கிலோ கற்கள் இரண்டை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தாள். 40.0.

"மெஷின் மேல தப்பில்ல. நீங்கதான் இளைச்சிருக்கீங்க. யாருமே சொல்லலையா?"

சொல்வதற்கு அவரைத் தொடர்ந்து பத்து நாள் பார்த்தவர் யார்? லாட்ஜ்காரருக்கு அவர் ஒரு சாவி நம்பர். மனைவிக்கு, ராத்திரி எட்டு மணிக்குப் போனில் வரும் குரல்.

"தாகம் எடுக்குதா? தூக்கத்துல எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?"

"நாலஞ்சு. தண்ணி நிறைய குடிக்கிறேன்ல. உடம்புக்கு நல்லதுன்னு."

அவள் அவர் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். கருவியைப் பார்த்தாள். முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"டாக்டரைக் கூப்பிடுறேன். சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு, அட்மிட் பண்ணித்தான் ஆகணும். கூட யாரு இருப்பாங்க?"

அவர் முதலில் மேனேஜரைப் போனில் கூப்பிட்டார். "சார், நான் போன ஆறு இடத்துலயும் மெஷினை உடனே நிறுத்தச் சொல்லுங்க. எல்லாம் கூடுதலா காட்டுது."

"ஒரே நேரத்துல ஆறும் எப்படிய்யா கெட்டுது?"

"நான்தான் சார் கெடுத்தேன்."

அடுத்து மனைவி. மணி பதினொன்று.

"என்னங்க, பகல்ல கூப்பிடுறீங்க?"

"உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரியில சேரச் சொல்றாங்க. நீ வர முடியுமா?"

"இதோ கிளம்பிட்டேன். எந்த ஊர்ல இருக்கீங்க?"

வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. போன வாரம் மூன்று ஊர், இந்த வாரம் இரண்டு. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு மருந்துக்கடை, ஒரு பஸ் நிறுத்தம், நிழலில் நின்ற ஆட்டோ. எந்த ஊரிலும் இருப்பவை.

"சிஸ்டர், இது எந்த ஊரு?"

நர்ஸ் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நான் சொல்றேன்க்கா. பேனா எடுத்துக்குங்க."