மூன்றாவது கூப்பாடு

“பேய்க்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதாம்மா?”

ஒரு நாள் பெரியாயியின் மகள் இப்படிக் கேட்டாள். பொழுது மங்கிய பின் வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது. பேய் இரண்டு முறைதான் கூப்பிடும், மூன்றாவது முறையும் குரல் வந்தால்தான் அது மனிதர். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்லி வைப்பார்கள். பெரியாயியும் சொல்லி வைத்திருந்தாள். மகளின் கேள்விக்கு அன்று அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு மழைக்காலம் வந்தது. பனி இறங்கிய ஒரு மாலையில், லயத்துக்குக் கீழே சரிவிலிருந்து “பெரியாயி!” என்று ஒரு குரல் கேட்டது. மறுபடியும், “பெரியாயி!” அது பக்கத்து வீட்டுக் காம்பராவில் குடியிருந்த ஒச்சாயியின் குரல்போல இருந்தது. பெரியாயி வாசலில் நின்று காது கொடுத்தாள். மூன்றாவது குரல் வரவில்லை.

காலையில் விறகுக்கட்டோடு ஒச்சாயியை மழைநீர் வடியும் கானுக்குள் கண்டெடுத்தார்கள். கால் முறிந்து, மழையில் விறைத்து, உயிர் போயிருந்தது. பேய் தள்ளிவிட்டது என்று லயமே பேசிற்று. பெரியாயி யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

அதன்பின் பனி இறங்கும்போதெல்லாம் சரிவிலிருந்து அந்தக் குரல் ஏறி வந்தது. இரண்டு முறை, பிறகு மழைச் சத்தம் மட்டும். நாளடைவில் யார் கூப்பிட்டாலும் அவளுக்கு வாய் திறக்க வரவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் சொன்னால் மரம்போல நின்றாள். “என்னடி, வாயில கொழுக்கட்டையா?” என்று அவர் கத்தினால் மற்றவர்கள் சிரித்தார்கள். வீட்டில் மகள் “அம்மா, அம்மா, அம்மா” என்று மூன்று முறை கூப்பிடப் பழகினாள். அதற்கும் பதில் இல்லாதபோது கூப்பிடுவதையே விட்டுவிட்டு, பசித்தால் அடுப்பருகே போய்ச் சும்மா உட்கார்ந்துகொண்டாள்.

கோடாங்கியை வரவழைத்துப் பிரம்பால் அடித்துப் பேயை இறக்க வேண்டும் என்றார்கள். கணவன் மாடசாமிக்கு மனம் வரவில்லை. பதுளை நகரக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஸித்தி ஸுபைதா என்று ஓர் அம்மாள் இருக்கிறார், மனம் கலங்கிய பெண்களைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைத்துக்கொண்டு இறங்கினான். அக்குளில் ஒரு சேவலும் இருந்தது.

“சேவலும் கத சொல்ல வந்திருக்கா?” என்றார் ஸுபைதா.

“காவு குடுக்கங்க, உம்மா. பேய் புடிச்சிருக்கு.”

“அத வீட்டுக்கே கொண்டு போங்க மகன். முட்டக்கோழிக்குத் தொணையாச்சும் ஆகும். நீங்க திண்ணாம, குடிக்காம வந்திருப்பீங்க, அங்கால கொட்டில்ல தேத்தண்ணி ஈக்குது. குடிச்சிட்டு அங்கயே இரிங்க.”

உள்ளறையில் ஒரு பாய், ஒரு ஜன்னல். பெரியாயி வேப்பிலையையும் பிரம்பையும் கண்ணால் தேடினாள். ஸுபைதா பாக்கு வெட்டத் தொடங்கினார்.

“தேடாதீங்க புள்ள. நான் நூல் கட்ட மாட்டேன், தண்ணி ஓதித் தர மாட்டேன், அடிக்கவும் மாட்டேன். வாப்பா ஓதிப் பார்த்தவர். எனக்குக் கேக்கத்தான் தெரியும். நீங்க சொல்றது இந்தச் செவரத் தாண்டாது. இன்னைக்கு ஒண்ணும் சொல்லாட்டியும் கொறயில்ல. சொன்னா முதல்ல பாரம் கூடும், ரெண்டு நாள் தூக்கம் வராது. அதுக்குப் பயந்து வராம இருந்துடாதீங்க.”

பெரியாயி ஒன்றும் பேசவில்லை. ஸுபைதாவும் வற்புறுத்தவில்லை. பாக்குவெட்டியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தன்னைப் பேசச் சொல்லி உலுக்காத ஒருவரின் அருகில் அவள் உட்கார்ந்து வெகுநாளாகியிருந்தது.

வெளியே வந்ததும் மாடசாமி ஓடி வந்தான். “என்னா சொன்னா, உம்மா?”

“அவகிட்டத்தான் கேக்கணும். சொல்ல மனசில்லன்னா விட்டுடணும்.”

அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. பெரியாயி திடீரென்று பேசினாள். “அவதான் கூப்பிட்டா. அவ கொரலுன்னு எனக்குத் தெரியும் உம்மா. நான் போகல.”

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். “உன் குற்றமில்லை” என்று ஸுபைதா சொல்லிவிடுவார் என எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. பாக்குவெட்டியைக் கீழே வைத்தார்.

“ரெண்டாவது கூப்பாட்டுக்குப் பொறகு என்ன செஞ்சீங்க?”

“நின்னேன்.”

“கதவச் சாத்தினீங்களா?”

“இல்லீங்க. விளக்க எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னேன். மழை நனைக்க நனைக்க நின்னேன்.”

“விளக்கு எதுக்கு?”

பெரியாயி யோசித்தாள். அவளிடம் இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. அவளே தன்னைக் கேட்டதில்லை. “மூணாவது வாட்டி கூப்பிட்டா... போறதுக்கு” என்றாள்.

“அப்ப நீங்க போகாம இருக்க நிக்கல. போறதுக்கு நின்னீங்க.”

“அது போதுமா உம்மா?”

“போதாது புள்ள. ஆனா பொய்யுமில்ல.”

பெரியாயி அழுதாள். வாய்விட்டு, சத்தமாக. கொட்டிலில் மாடசாமி எழுந்து நின்றான். பிறகு தானாகவே உட்கார்ந்தான்.

சொன்னபடியே அந்த வாரம் தூக்கம் வரவில்லை. குரல் முன்னைவிடக் கிட்டே கேட்டது. ஆனாலும் ஞாயிறுதோறும் இறங்கிப் போனாள். ஒரு மாலை மகள் தயங்கித் தயங்கி “அம்மா” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் “அம்மா” என்றாள். “என்னம்மா?” என்றாள் பெரியாயி. பிள்ளை பயந்துபோய்த் தாயின் முகத்தையே பார்த்தது. பிறகு பசிக்கிறது என்றது. மனிதரைக் கடவுள் இப்படித்தான் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கிறார். நாம் பொறுத்திருக்க வேண்டும்.

தை பிறக்கும் முன், ஒரு மாலை அவள் ஓடையிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு தனியே வந்துகொண்டிருந்தாள். பனி தேயிலைச் செடிகளை மூடியிருந்தது. கீழேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“யாராச்சும் இருக்கீங்களா?”

ஒரே முறை.

“இந்தா வர்றேன்!” என்றாள் பெரியாயி. குடத்தை வைத்துவிட்டுச் சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கினாள்.

கீழ்த் தோட்டத்துக் கிழவி ஒருத்தி. கான் கல்லிடுக்கில் கால் மாட்டியிருந்தது. புல்லுக்கட்டு சிதறிக் கிடந்தது. பெரியாயி கல்லை அசைத்துக் காலை விடுவித்தாள். தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். புல்லைச் சேர்த்துக் கிழவியின் தலையில் தூக்கிவிட்டு, பாதைவரை கைபிடித்து நடத்தினாள்.

“நல்லாருப்ப ஆத்தா. நீ யாரு?”

“ஒச்சாயியோட கூட்டாளி” என்றாள் பெரியாயி.

கிழவிக்கு ஒச்சாயி யாரென்று தெரியாது. தலையை ஆட்டிவிட்டுப் பனிக்குள் நடந்து மறைந்தாள்.

மாடசாமியிடம் பெரியாயி இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸுபைதாவிடம் பலவற்றைப் பேசினாள். இதை மட்டும் சொல்லவில்லை.